பெங்களூரில் வகையறாப் பொதுக்குழு: ஒரு சிங்கப்பூர்வாசியின் பயணக் குறிப்பு

வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன ஒரு பாட்டனாரின் வழியில் வந்தவர்கள் நாங்கள். ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் அங்கே சுரங்கப் பணியை ஏற்ற பின் அப்படிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது எஞ்சியிருந்தவர்களில் பலரும் பெங்களூருக்கும் சென்னைக்கும் வெளிநாடுகளுக்குமாகப் பிரிந்தார்கள். பிரிந்தவர்களை ஆண்டுக்கு ஒரு நாளாவது ஓரிடத்தில் உட்கார வைக்க எங்கள் வகையறாவுக்கு, அதாவது அந்தப் பாட்டனாரின் வழியில் வந்த குடும்பங்களுக்கு, ஒரு சங்கம் இருக்கிறது. பெரும்பாலோர் பெங்களூரில் இருப்பதால் பதிவும் அங்கேதான். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூனில் விடுமுறை என்பதை மனத்தில் வைத்து இவ்வாண்டுப் பொதுக்குழுவை ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் கூட்டினார்கள். என்னைப் போல வெளியிலிருந்து வருபவர்களுக்கு எந்த வேலை எளிதாக முடிந்தது, எது முடியவில்லை என்பதை எழுதி வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

போக்குவரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விமான நிலையம் நகருக்கு வெகு தொலைவில், தேவனஹள்ளியில் இருப்பதால் நகருக்குள் வருவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது; வந்த பின் மெட்ரோவின் ஊதாத் தடம் அல்சூர் வரை கொண்டுவந்து விடுகிறது. தங்கவயல் உறவினர்கள் வழக்கம் போல மாரிக்குப்பம் ரயிலில் வந்து கண்டோன்மென்டில் இறங்கினார்கள். சென்னையிலிருந்து அன்று காலை வந்தே பாரத்தில் புறப்பட்டவர்கள், தட்டு இட்லி தீர்ந்த பிறகு மண்டபத்துக்குள் நுழைந்தார்கள்.

கூட்டத்தின் முதல் வேலை தலைக்கட்டுப் பதிவு. காலிகோ அட்டை போட்ட நீண்ட பேரேட்டில் ஒவ்வொரு கிளைக்கும் சில பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பிறப்பு நீல மையிலும் இறப்பு சிவப்பு மையிலும் ஏறும். இரண்டாம் கிளையின் மூத்தவரான அத்தை, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு பெயராக விரலை வைத்து வாசிக்க, வந்தவர்கள் திருத்தம் சொன்னார்கள். மணமான ஆண்மகன் ஒருவனுக்கு ஒரு தலைக்கட்டு என்ற பழைய கணக்கினால், மகள் வழிப் பேரப்பிள்ளைகள் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தும் பேரேட்டில் இல்லாமல் இருந்தார்கள். அவர்களையும் சேர்க்கக் கோரும் தீர்மானம் நெடுநேரம் விவாதிக்கப்பட்டது. எதிர்த்தவர்களின் கவலை, குலதெய்வக் கோயில் முறை என்ன ஆகும் என்பது. கோயில் வரி பங்காளிகளுக்கு, சங்கச் சந்தா எல்லோருக்கும் என்று இரண்டையும் பிரித்த பின்தான் தீர்மானம் நிறைவேறியது. இது பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டியது என்பது என் கருத்து. கல்வி உதவி நிதிக்கு ஒழுங்காகப் பணம் கட்டி வந்தவர்களில் மாப்பிள்ளைமார் பலர்.

தீர்மானம் போட்டால் மட்டும் போதாது. கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960-இன்படி பொதுக்குழு முடிந்த பதினான்கு நாட்களுக்குள் புதிய நிர்வாகிகளின் பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தணிக்கை செய்த கணக்கும் திருத்திய துணை விதிகளும் அவரிடமே போக வேண்டும். எங்கள் தீர்மானப் புத்தகம் தமிழில் இருப்பதால், தாக்கலுக்கென ஆங்கிலப் படி ஒன்றை ஆடிட்டர் அலுவலகமே தயாரித்துக் கொடுத்தது. இந்த வேலை சொன்ன நாளில் முடிந்தது, கட்டணமும் நியாயம்.

தடுமாறியது வங்கியில்தான். பொருளாளர் மாறியதால் கையெழுத்து மாற்றத்துக்குப் போயிருந்தோம். புதிய பொருளாளரான அண்ணியின் பெயர் ஆதாரில் தலைப்பெழுத்துடன் இருக்கிறது. பான் அட்டையில் அதே தலைப்பெழுத்து தந்தை பெயராக விரிந்து குடும்பப் பெயரின் இடத்தில் நிற்கிறது. எங்கள் தீர்மானத்திலோ கணவரின் தலைப்பெழுத்து. மூன்றும் ஒருவரே என்பதை நம்பக் கிளை மேலாளருக்கு உறுதிமொழிப் பத்திரம் தேவைப்பட்டது. பத்திரம் எழுதிக் கொண்டுபோன அன்று, அந்தப் பிரிவைப் பார்க்கும் அலுவலர் விடுப்பில் இருந்தார். தமிழர் இவ்வளவு பேர் வாழும் நகரத்தில் தலைப்பெழுத்து முறை இன்னும் ஒரு புதிராக இருப்பது வியப்புதான். தீர்மானம் எழுதும்போதே பான் அட்டையில் உள்ளபடி பெயரை எழுதிவிடுவது நல்லது.

இனி நன்கொடை விவகாரம். சிங்கப்பூரின் பேநவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை 2023 பிப்ரவரி முதல் யுபிஐயுடன் இணைந்திருக்கிறது. தனி ஒருவருக்குப் பணம் அனுப்பக் கண் இமைக்கும் நேரம் போதும். ஆனால் சங்கத்துக்கு என்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க முடியவில்லை. சித்தப்பா மகனும் நானும் ஒரே விமானத்தில் வந்தோம், கல்வி நிதிக்கு ஒரே தொகையைத் தருவதாக இருந்தோம். அவன் இந்தியக் கடவுச்சீட்டை விடாதவன் என்பதால் அவனுடைய வங்கிக் கணக்கிலிருந்து வந்த பணத்துக்கு உடனே ரசீது போட்டார்கள். நான் சிங்கப்பூர்க் குடிமகன், கையில் இருப்பது இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன் கண்ணில் நான் வெளிநாட்டவன். நான் இங்கேயே ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான்.

“அப்படியானால் மாமா கையில் கொடுத்து அவர் பெயரில் கட்டலாமே” என்று ஒருவர் யோசனை சொன்னார். வேறொருவர் வழியாகக் கைமாறி வந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும் என்று சட்டம் சொல்வதை ஆடிட்டர் எடுத்துக்காட்டினார். அண்ணி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “தம்பி, உன் பணத்தை நான் தொட்டால் என் கையெழுத்துக்குத்தான் கேடு” என்று முடித்துவிட்டார். அத்தகைய நன்கொடையை வாங்கச் சங்கம் உள்துறை அமைச்சகத்தில் பதிவு பெறலாமே என்றால், மூன்று ஆண்டுகளாக இயங்கி, கடந்த மூன்று நிதியாண்டுகளில் நோக்கங்களுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். நோட்டுப் புத்தகமும் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியும் கொடுக்கும் சிறு சங்கத்துக்கு இது எட்டாது.

உறவினருக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்புவதற்கு அந்தச் சட்டமே இடம் தருகிறது. 2022 ஜூலை முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்கவும் தேவையில்லை. ஆனால் சட்டம் உறவு என்று எண்ணுவது பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கியவர்களை மட்டுமே. பெரியப்பா மகன், அத்தை மகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். வகையறாவே அவர்களால் ஆனது என்பது வேறு விஷயம். ஆகவே என் உடன்பிறந்த தங்கையின் வீட்டுக்கு அனுப்புவதை அனுப்புவது, சங்கத்துக்கு உழைப்பைக் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. பேரேட்டை ஒளிப்படமெடுத்துக் கணினியில் ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

அந்தப் பேரேடு அரசு அலுவலகத்தில் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாரிசு வேலைகளுக்குக் கர்நாடகத்தில் ‘நாட கச்சேரி’ எனப்படும் வருவாய்த் துறை வட்டார அலுவலகம் வழியாகப் பெறும் வம்சவிருட்ச (குடும்ப வழிமரம்) சான்றிதழ்தான் கேட்கப்படுகிறது. தங்கவயல் வீட்டுக்காக அதற்கு விண்ணப்பித்த பெரியப்பாவுக்கு, இறப்புத் தேதிகளை எடுத்துத் தர மட்டும் எங்கள் சிவப்பு மை உதவியது.

மகள் வழியினர் அடுத்த பொதுக்குழுவிலிருந்து பதியலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பிறப்பு, திருமணச் சான்றுகளின் நகல்களைக் கையோடு கொண்டுவந்து, காலையிலேயே அத்தையிடம் கொடுத்துவிடுவது நல்லது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் பேரேட்டைத் திறப்பதில்லை.