தோல் நோய் படிக்க: படத் தொகுப்பா, கேஸ் குறிப்பா?

ரங்கூனில் எங்கள் இலவச கிளினிக்கில் உதவப் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தோல் நோய் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கையில் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, வண்ணப் படத் தொகுப்பு. மற்றது கேஸ் குறிப்பு. வயது, தொழில், எங்கே ஆரம்பித்தது, எப்போது அரிக்கிறது, என்ன தடவினார்கள் என்பதையெல்லாம் முதலில் சொல்லிவிட்டுப் படத்தைக் கடைசியில் காட்டுவது. நான் கேஸ் குறிப்பைத்தான் எடுத்துக்கொண்டேன்.

படத் தொகுப்பு ஃபோனிலேயே அடங்கும். தேமலையும் வெண்புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நிறம்தான் இடிக்கிறது. பெரும்பாலும் வெள்ளைக்காரர் தோலில் எடுத்த படங்கள். அங்கே செக்கச்செவேல் என்றிருக்கும் கரப்பான் (எக்ஸிமா), நம் தோலில் கரும்பழுப்பாகவோ ஊதா சாயலாகவோ இருக்கும். தனக்கா என்ற பர்மிய மரப்பட்டைச் சாந்து பூசிய முகம் என்றால் கழுவச் சொல்லிவிட்டுத்தான் பார்க்கவே முடியும்.

என்னைக் கேஸ் குறிப்பின் பக்கம் ஒரேயடியாகச் சாய்த்தது களிம்பு விவகாரம். மழைக்காலத்தில் கைலி இறுக்கும் இடுப்பில் படர்தாமரை வருவது சகஜம். கடையில் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்றால் ஸ்டீராய்டு கலந்த ட்யூப் கைக்கு வரும். சில நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. செதில் உதிர்ந்து, வட்டத்தின் ஓரம் மங்கி, படை சத்தமில்லாமல் அகலும். படத்தில் பார்த்த மோதிர வடிவம் இப்போது அங்கே இல்லை. படம் மட்டும் பார்த்துப் படித்த பிள்ளை கரப்பான் என்று சொல்லி இன்னொரு ஸ்டீராய்டு ட்யூபையே கொடுக்கும். கேஸ் வழியில் படித்த பிள்ளையோ, "அக்கா, முன்னாடி என்ன போட்டீங்க? அந்த ட்யூபைக் கொண்டாங்க" என்று கேட்கும். பிறகு ஓரத்தைச் சுரண்டி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பூஞ்சை இழை தெரிந்துவிடும்.

சிரங்கும் அப்படித்தான். ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்ற இரண்டு கேள்விகள் பாதி வேலையை முடித்துவிடும். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதனால் அரிக்காதவர் உட்பட வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். தொழுநோயோ என்று அறிய, வெளிறிய படையில் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும் குறிப்பில் உண்டு. மியான்மர் 2003இல் தேசிய அளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கை எட்டியது உண்மை. நோய் அத்தோடு மறைந்துவிடவில்லை. மரத்துப்போன தோலை எந்தப் படமும் காட்டாது.

கேஸ் குறிப்பு எழுத நேரம் பிடிக்கும். நோயாளியின் சம்மதம் வாங்கி, பேரையும் முகத்தையும் மறைக்கவும் வேண்டும்.

பாதத்திலும் நகத்தடியிலும் வரும் கறுப்புப் புற்று, குழந்தைகளின் காய்ச்சல் தடிப்பு இரண்டிலும் என் அனுபவம் கம்மி. எங்களிடம் அபூர்வமாகத்தான் வரும், குறிப்பு எழுதக் கேஸ் சேராது. அதற்குப் படத் தொகுப்பையே கொடுக்கிறேன். சந்தேகம் தட்டினால் டாக்டரிடம் அன்றைக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.