ரீடைரக்ஷன் பிளகின்: யூஆர்எல் மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை

தமிழில் தலைப்பு வைத்து வேர்ட்பிரஸில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கம்தான். லிங்க்கை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நாலு வரிக்கு நீளும். 'தமிழ்' என்ற ஒரே சொல் அங்கே 45 குறிகள் ஆகிவிடுகிறது, ஏனென்றால் புள்ளியும் உயிர்க்குறியும் தனிக்கணக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது. ஸ்லக்குக்கு, அதாவது முகவரியில் தலைப்பிலிருந்து உருவாகும் பகுதிக்கு, வேர்ட்பிரஸ் ஒதுக்குவதோ மொத்தமே 200 குறிகள். ஆக, தலைப்பு பாதியில் அறுந்துவிடும், ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு கட்டுரைகளில் பிந்தியதன் வாலில் ஒரு '2' ஒட்டிக்கொள்ளும். பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அதோடு வருடம், மாதம் வேறு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் குட்டியாக மாற்றலாம் என்று இறங்கியபோதுதான் பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும் இந்த இலவசப் பிளகினை, ஜான் காட்லி எழுதிய ரீடைரக்ஷனை, போட்டேன்.

முதலில் நல்லது. நிறுவியதும் ஒரு கேள்வி கேட்கும்: பதிவின் பெர்மாலிங்க் (நிலையான முகவரி) மாறினால் கவனிக்கட்டுமா என்று. ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், அப்புறம் ஸ்லக்கை எப்போது திருத்தினாலும் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301, அதாவது நிரந்தரத் திருப்பல், தானாக விழும். வேர்ட்பிரஸே பழைய ஸ்லக்கை ஞாபகம் வைத்திருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கிடைக்காத முகவரிக்கு அது ஊகத்தில் ஏதோ ஒரு பதிவைக் காட்டிவிடவும் செய்யும், பாதியில் அறுந்த தமிழ் ஸ்லக்குகளில் அந்த ஊகத்தை எப்படி நம்புவது? இங்கே எல்லாம் பட்டியலாக எதிரே இருக்கிறது. எந்த விதியை எத்தனை பேர் தொட்டார்கள், கடைசியாக எப்போது என்பது வரை.

இதற்கு முன் ஒருமுறை இந்த வேலையைக் காசு கொடுத்து வெளியே ஒப்படைத்தேன், பெயர் வேண்டாம். ஜோடி தெரியாத பழைய பக்கங்களை எல்லாம் மொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கூகுள் அதை சாஃப்ட் 404 என்றுதான் எடுத்துக்கொள்ளும், அதாவது பக்கம் இல்லை என்றே கணக்கு. பழைய பக்கத்துக்கு இணையான பக்கம் இல்லையென்றால் நேர்மையாக 404 காட்டுவது மேல்.

சரி, என் சொந்தத் தப்புக்கு வருகிறேன். முதல் மாதம் தேதியை மட்டும் நீக்க ஒரு ரெஜெக்ஸ் விதி (ஒரே வடிவத்தில் இருக்கும் எல்லா முகவரிகளையும் சேர்த்துப் பிடிப்பது) போட்டேன், அடுத்த மாதம் ஸ்லக்குகளை ஒவ்வொன்றாகச் சுருக்கினேன். விளைவு, பழைய லிங்க்கைச் சொடுக்கினால் முதலில் தேதியில்லாத முகவரி, அங்கிருந்து புது முகவரி என இரண்டு தாவல். கூகுளுக்காகப் பக்கங்களைப் படித்துவரும் கூகுள்பாட் பத்து தாவல் வரை பின்தொடரும், ஆனாலும் ஒவ்வொன்றும் நேரம்தான், அதில் நடுவில் ஒரு கண்ணி உடைந்தால் மொத்தமும் போச்சு. பிளகினைக் குறை சொல்ல முடியாது, நான் சொன்னதைத்தான் செய்தது. விதிகளை சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) ஆக இறக்கி, ஒரு முழு ஞாயிறு உட்கார்ந்து, ஒவ்வொரு பழைய முகவரியும் நேராகக் கடைசி முகவரிக்கே போகும்படி மாற்றி மறுபடி ஏற்றினேன். தனி விதிகள் மேலே, அந்தப் பொதுவான ரெஜெக்ஸ் கீழே. வரிசை மாறினால் ரெஜெக்ஸ் முந்திக்கொள்ளும்.

301 போட்டால் மதிப்பு கசியும் என்று இன்னும் பயப்படுகிறவர்கள் உண்டு. 301 உள்ளிட்ட 30x வகைத் திருப்பல்களில் பேஜ்ரேங்க் (லிங்க்குகளை வைத்துக் கூகுள் பக்கத்துக்குத் தரும் மதிப்பு) இழப்பு இல்லை என்று கூகுளின் கேரி இல்யெஸ் 2016-லேயே சொல்லிவிட்டார். அதற்காக ரேங்க் ஆடாது என்று அர்த்தமில்லை. கூகுள் ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி வந்து பார்த்துப் புது முகவரியைப் பதிய வேண்டும், சின்னத் தளத்துக்கே சில வாரம் ஆகும். எனக்கு முதல் மூன்று வாரம், தளம் கூகுளில் எப்படி இருக்கிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறக்கவே மனசில்லை. அதில் இருக்கும் 'முகவரி மாற்றம்' கருவி இதற்கு உதவாது, அது டொமைன் மாற்றத்துக்கு மட்டும். 'திருப்பலுடன் கூடிய பக்கம்' என்று பழைய முகவரிகள் குவிவதைப் பார்த்து மட்டும் பதறாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பிளகினில் எனக்கு மிகவும் பிடித்தது, கிடைக்காத முகவரிகளைக் குறித்துவைக்கும் 404 பதிவேடு. பாதி குப்பை, கடவுச்சொல் தேடி வரும் பாட்கள். மீதியில் தங்கம். யாரோ எங்கோ பகிர்ந்து, கடைசி எழுத்து பாதியில் அறுந்த தமிழ் லிங்க்குகள் நிறைய வந்தன, ஒவ்வொன்றுக்கும் கையால் விதி போட்டேன். இந்தப் பதிவேட்டை ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், டேட்டாபேஸ் ஊதிவிடும்.

செய்யாதது என்னவென்றால், கட்டுரைகளுக்குள் நீங்கள் கொடுத்திருக்கும் பழைய உள் லிங்க்குகளைத் தொடாது. அவற்றைத் தேடி மாற்றுவது உங்கள் பாடு. சைட்மேப்பும் (தளத்தின் முகவரிப் பட்டியல்) கனானிக்கலும் (இதுதான் பக்கத்தின் சரியான முகவரி என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு) புது முகவரியைச் சொல்கின்றனவா என்றும் நீங்களே பார்க்க வேண்டும்.

நாலரை நட்சத்திரம். அரை குறைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு திருப்பலுக்கும் வேர்ட்பிரஸ் எழுந்து வந்தாக வேண்டும், பிளகின் நின்றால் எல்லா விதியும் கூடவே நிற்கும். தளம் மெதுவாக இருக்கிறதே என்று ஒருநாள் எல்லாப் பிளகினையும் அணைத்தவன் இதைத் திரும்ப இயக்க மறந்து இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். திருப்பல்களைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள் என்கிறது கூகுள். அதனால் விதிகளை அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகிய சர்வர் மென்பொருள்களின் வடிவத்தில் இறக்கித் தரும் வசதி இதிலேயே இருப்பதைப் பயன்படுத்தி, இப்போது அத்தனையையும் சர்வரிலேயே போட்டுவிட்டேன். பிளகின் 404 பார்க்க மட்டும் ஓடுகிறது.