கிரிட்டாவில் தஞ்சாவூர் ஓவியம்: ஆறு மாதம் போட்டுப் பார்த்ததில்

தஞ்சாவூர் ஓவியத்தை கம்ப்யூட்டரில் போட முடியுமா என்று கேட்டால், முக்கால்வாசி முடியும், மீதிக் கால்வாசிக்குப் பலகையும் ரேக்கு என்கிற தங்கத் தாளும்தான் வேண்டும் என்பேன். ஆறு மாதமாக கிரிட்டா என்கிற ஓவிய மென்பொருளில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆலிலைக் கிருஷ்ணர் முடிந்தது, கஜலட்சுமி முடிந்தது, ராமர் பட்டாபிஷேகம் பாதியில் நிற்கிறது.

கிரிட்டா இலவசம். அதன் சொந்தத் தளத்தில் எடுத்தால் ஒரு பைசா கிடையாது. ஸ்டீமிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் விலை இருக்கிறது, அந்தக் காசு அதை உருவாக்குபவர்களின் வேலைக்குப் போகிறது, முடிந்தவர்கள் அங்கே வாங்குங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஓடும், ஐபேடுக்குக் கிடையாது. அழுத்தம் உணரும் பேனா கட்டாயம் வேண்டும், மவுஸை வைத்துக்கொண்டு கண் எழுத முடியாது.

பலகையில் வேலை செய்தவர்களுக்கு வரிசை தெரியும். துணி ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சு பூசி, வழவழவென்று தேய்த்த பலகை. அதன் மேல் கோட்டுப்படம், அப்புறம் கற்கள், மக் (சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த விழுது) வைத்து மேடு எழுப்புவது, ரேக்கு ஒட்டுவது, வண்ணம், கடைசியாக முகமும் கண்ணும். இந்த ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு லேயராக, அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி, வைத்துக்கொண்டால் கிரிட்டா தானாகவே பழக்கப்பட்ட மேஜை மாதிரி ஆகிவிடுகிறது. மண்டப வளைவு, தூண், திருவாசி எல்லாம் இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டியவை, மேலே கண்ணாடி பட்டனை அழுத்திவிட்டு ஒரு பக்கம் வரைந்தால் போதும், மறுபக்கம் கூடவே வந்துவிடும்.

சரி, மக் வேலைக்கு வருவோம், நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். யூடியூபில் பலர் நகைக்கு மஞ்சள் அடித்து, ஓரத்தில் கறுப்பு நிழல் போட்டு 'தஞ்சாவூர் ஸ்டைல்' என்கிறார்கள். அதில் மேடே இல்லை. கிரிட்டாவில் ஃபில்டர் மெனுவில், மேப் என்பதற்குள் ஃபாங் பம்ப்மேப் என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. வெள்ளையை மேடாகவும் கறுப்பைப் பள்ளமாகவும் எடுத்துக்கொண்டு அதன் மேல் வெளிச்சம் பாய்ச்சும் ஃபில்டர் அது. நான்கு விளக்குகள் வரை வைக்கலாம், ஒவ்வொன்றும் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் என்பதை நாமே சொல்லலாம். அதனால் மக் லேயரை முழுக்கச் சாம்பல் நிறத்திலேயே வரைகிறேன். முத்துச் சரத்துக்கு ஓரம் மங்கிய உருண்டை பிரஷ், ஸ்பேசிங் (புள்ளிக்குப் புள்ளி இடைவெளி) 1, அழுத்தத்துக்கு அளவு மாறுவதை அணைத்துவிட வேண்டும். ஒரே இழுப்பில் முத்துகள் ஒன்றை ஒன்று தொட்டபடி வரிசையாக விழும். மக் நிரப்பிய கோன் பிடித்து ஒவ்வொரு புள்ளியாக வைத்தவர்களுக்கு அந்த இழுப்பு எப்படிப்பட்ட சந்தோஷம் என்று புரியும். விளக்கை ஒரே ஒரு பக்கமாகத் தாழ்வாக வைத்து ஃபில்டரைப் போட்டால், கழுத்து ஆரம் விரலால் தடவிப் பார்க்கத் தோன்றுகிற மாதிரி எழும்பி நிற்கும். அதைத் தங்க நிற லேயரின் மேல் ஓவர்லேயாக, அதாவது கீழே இருக்கும் நிறத்தோடு கலக்கிற முறையில், வைக்கிறேன். தங்க நிறம் என்பது மஞ்சள் என்று நினைத்துவிடாதீர்கள், அடர்ந்த காப்பிப்பொடி நிறத்திலிருந்து வெளிறிய சந்தனம் வரை அத்தனையும் அதற்குள் இருக்கிறது.

வண்ணம் பூசுவதில் பெரிய சிக்கல் இல்லை, இந்த ஓவியத்தில் தட்டையான, அடர்த்தியான பூச்சுதான். நீர்வண்ணம் வேண்டுபவர்கள்தான் யோசிக்க வேண்டும். ஈரத்தில் நிறம் தானாகப் பரவி ஓடுவதை கிரிட்டா செய்து காட்டாது, நீலத்தையும் மஞ்சளையும் குழைத்தால் பச்சைக்குப் பதில் மந்தமான சாம்பல்தான் வரும். அந்த இரண்டும் வேண்டுமென்றால் காசு கொடுத்து ரெபெல் என்கிற இன்னொரு ஓவிய மென்பொருளின் ப்ரோ பதிப்பு வாங்கலாம்.

கம்ப்யூட்டரும் கொஞ்சம் தெம்பாக இருக்க வேண்டும். 12×15 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் போட்டால் 3600×4500 பிக்சல், முழுக்கப் பூசிய ஒரு லேயருக்கே 65 எம்பி போல ஆகிறது, நான் இருபது லேயர் வைக்கிற ஆள். அந்த ஃபில்டரைப் போடும்போது என் பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். சின்ன அளவில் விளக்கைச் சரிசெய்து பார்த்துவிட்டு, பெரிய படத்தில் ஒரே தடவை போடுவது நல்லது.

பிரிண்ட் எடுத்து மாட்ட நினைப்பவர்கள் கவனிக்கவும்: திரையில் மின்னும் தங்கம் சாதாரண மையில் களிமண் நிறமாகத்தான் வரும். கண்ட்ரோல், ஒய் அழுத்தினால் அச்சில் எப்படித் தெரியும் என்று கிரிட்டாவே ஓரளவு காட்டிவிடும். எங்கள் டீச்சரிடம் கஜலட்சுமியை டேப்லெட்டில் காட்டினேன். முத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் டேப்லெட்டை இரண்டு கையிலும் தூக்கி, ஜன்னல் பக்கம் இப்படியும் அப்படியுமாகச் சாய்த்தார். ரேக்கு ஒட்டிய பலகையை அப்படித்தான் பார்ப்பார், சாய்க்கச் சாய்க்க வெளிச்சம் நகை மேல் ஓடும். திரையில் ஓடவில்லை. "மேடு வந்துடுச்சும்மா, பலகையிலயும் போட்டுடு" என்றார்.

இப்போது அப்படித்தான் செய்கிறேன். ரேக்கு விற்கிற விலைக்குப் பலகையில் தப்பு பண்ண முடியாது, ஒட்டிய கல்லைப் பெயர்த்தால் பூச்சும் சேர்ந்து வரும். எந்த இடத்தில் சிவப்புக் கல், எந்த இடத்தில் பச்சை, ஆரம் மூன்று வரிசையா நான்கா, எல்லாவற்றையும் கிரிட்டாவில் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கோட்டு லேயரை மட்டும் அதே அளவில் பிரிண்ட் எடுத்து, கார்பன் வைத்துப் பலகையில் இறக்குகிறேன். பட்டாபிஷேகத்துக்கான பலகை பூச்சு காய்ந்துகொண்டிருக்கிறது. அனுமார் தலைக்கு மேல் தொங்கும் திரைச்சீலைக்கு இன்னும் நிறம் முடிவாகவில்லை, நேற்று ராத்திரி மட்டும் ஏழு தடவை மாற்றினேன்.