பில்டுக்குள் பைத்தான்: ஏழு வருட அனுபவம்

நான் பராமரிக்கும் லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோடு) சி மொழியில் எழுதியது, சின்னது. 2017 வரை ஒரு கம்பைலரும் 'மேக்' (make) என்ற கட்டும் கருவியும் இருந்தால் போதும், கட்டிவிடலாம், அதாவது சோர்ஸ் கோடிலிருந்து பைனரியை உருவாக்கிவிடலாம். பிழைக் குறியீடுகளின் பட்டியலிலிருந்து ஹெடர் கோப்பை (சி கோடு சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புகளின் கோப்பை) உருவாக்கும் வேலையை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொண்டது. அது வளர்ந்து வளர்ந்து, எழுதிய எனக்கே புரியாமல் போனதும் பைத்தானுக்கு மாற்றினேன். அதிலிருந்து லைப்ரரியைக் கட்ட பைத்தானும் வேண்டும் என்றாகிவிட்டது.

லாபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷெல் ஸ்கிரிப்டைத் தொடப் பயந்தவர்கள்கூட இதைத் தைரியமாகத் திருத்தினார்கள். வேறு பிராசசருக்காகக் கம்பைல் செய்யும்போதும் சிக்கல் வரவில்லை. ஸ்கிரிப்ட் ஓடுவது கட்டுகிற மெஷினில்தானே.

தொல்லை முதலில் வந்தது பட்டியலை யாமல் (YAML) என்ற உரை வடிவில் வைத்ததால். அதைப் படிக்கத் தனி மாட்யூல் வேண்டும். என் மெஷினில், மாட்யூல்களை இணையத்திலிருந்து இறக்கும் பிப் கருவி அதை நொடியில் கொண்டுவந்துவிடும். ஆனால் டெபியன் போன்ற டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் தொகுப்புகளில்) பேக்கேஜ் கட்டும்போது நெட்வொர்க்கைத் தொடக்கூடாது. ஒரு மாட்யூலுக்காக அவர்கள் இன்னொரு பேக்கேஜைச் சார்ந்திருக்க வேண்டியதாயிற்று. பட்டியலை ஜேசன் (JSON) வடிவுக்கு மாற்றினேன்; அதைப் படிக்கும் வசதி பைத்தானிலேயே உண்டு. அன்றிலிருந்து பைத்தானோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியைத் தாண்டி எதையும் சேர்ப்பதில்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று. ஒரே சோர்ஸை இரண்டு முறை கட்டினால் இரண்டு பைனரிகளும் ஒத்துப்போகவில்லை. கம்பைலர் ஃபிளாக், நேர முத்திரை, கோப்புப் பாதை என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், ஸ்கிரிப்டில் பெயர்களை ஒரு செட்டில் (வரிசைக்கு உத்தரவாதம் இல்லாத தொகுப்பில்) போட்டு அப்படியே லூப் ஓட்டியிருந்தேன். 3.3 முதல் பைத்தான் ஒவ்வொரு ஓட்டத்திலும் சரங்களின் ஹாஷை (சரத்திலிருந்து கணக்கிடும் எண்ணை) மாற்றிவிடுகிறது. அதனால் செட்டின் வரிசையும் மாறும். பெயர்-மதிப்பு ஜோடிகளை வைக்கும் டிக்‌ஷனரி அப்படியில்லை, 3.7 முதல் சேர்த்த வரிசை மாறாது என்பது மொழியின் உத்தரவாதம். செட்டும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். வரிசைப்படுத்தி எழுதியதும் சரியாகிவிட்டது. ஹாஷ் விதையை (அந்த மாற்றத்தைத் தீர்மானிக்கும் எண்ணை) சூழல் மாறியில் பூஜ்யமாக வைத்தும் மறைத்திருக்கலாம்; அது ஒவ்வொரு மெஷினிலும் யாராவது நினைவில் வைக்க வேண்டிய விஷயம், அதனால் வேண்டாம் என்று விட்டேன்.

அப்புறம் வெர்ஷன்கள். 2020 ஜனவரி 1-உடன் பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது. உபுண்டு 20.04-இல் வெறும் 'பைத்தான்' என்ற கட்டளையே இயல்பாக இல்லை, 'பைத்தான்3' என்று எழுத வேண்டும். 2023 அக்டோபரில் 3.12 வந்தபோது டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய மாட்யூல் தொகுப்பு ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலிருந்து நீக்கப்பட்டது. வெர்ஷன் எண்களை ஒப்பிட அதிலிருந்து ஒரே ஒரு வரி எடுத்திருந்தேன். அந்த வரியில் பில்ட் நின்றது. சி கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இந்தச் சுமையைச் சுமப்பவன் நான் இல்லை, லைப்ரரியைக் கட்டுகிறவர்கள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள லைப்ரரியின் குழு சோர்ஸ் கோப்புகளை ஒரே சி கோப்பாகத் திரட்ட டிசிஎல் (Tcl) என்ற மொழியில் எழுதிய ஸ்கிரிப்டைப் பயன்படுத்துகிறது. ஆனால் திரட்டிய கோப்பையே வெளியிடுவதால், அதை எடுத்துக் கம்பைல் செய்பவருக்கு டிசிஎல் தேவையில்லை. அதைப் பார்த்து நானும் உருவான ஹெடரை ரிலீஸ் டார்பாலில் (வெளியிடும் சோர்ஸ் தொகுப்புக் கோப்பில்) சேர்த்துவிட்டேன். இப்போது பட்டியலை மாற்றுகிறவருக்கு மட்டும்தான் பைத்தான் வேண்டும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு: பட்டியலை மாற்றிவிட்டு ஹெடரைப் புதுப்பிக்க மறந்துவிடலாம். அதற்காக ஒவ்வொரு கமிட்டிலும் (மாற்றத்தைப் பதிவு செய்யும்போதெல்லாம்) ஸ்கிரிப்ட் மறுபடி ஓடுகிறது. ரெப்போவில் (கோடு சேமித்திருக்கும் இடத்தில்) இருக்கும் ஹெடரோடு ஒரு எழுத்து வேறுபட்டாலும் சோதனை தோற்கும். ஸ்கிரிப்டை பைத்தான் 3.6-இலும் புதிய வெர்ஷனிலும் சேர்த்தே ஓட்டுகிறேன்.