14,500 ரூபாய்க்கு ஒரு மளிகை லிஸ்ட்

இரண்டு வருடமாக எனக்கு வயிற்று உப்புசம். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் பெல்ட்டை ஒரு துளை தளர்த்தியாக வேண்டும். யார் என்ன சொன்னாலும் செய்து பார்த்தேன். மூன்று மாதம் தானியமில்லாத பேலியோ உணவுமுறையில் இருந்தேன். வயிறு என்னவோ அமைதியாகத்தான் இருந்தது, ஆனால் முட்டையைப் பார்த்தாலே குமட்ட ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன். அப்புறம் வரகுப் பொங்கல், கம்பு தோசை. அப்புறம் பதினாறு மணி நேர விரதம். பழைய கதைதான் திரும்பியது.

அந்த நேரம் பார்த்துக் கண்ணில் பட்டது திருச்சியில் ஒரு ‘வெல்னஸ்’ மையத்தின் விளம்பரம். ‘உங்கள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை உங்கள் ரத்தமே சொல்லும்.’ 220 உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை, 14,500 ரூபாய். இத்தனை நாள் குருட்டாம்போக்கில் சோதித்தவனுக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. கார்டைத் தேய்த்துவிட்டேன்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. வழவழப்பான தாள், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம். சிவப்பில் பால், தயிர், கோதுமை, முட்டை, துவரம்பருப்பு, நிலக்கடலை, பூண்டு. பச்சையில் சால்மன் மீன், கினோவா, அஸ்பாரகஸ், கிரான்பெரி. மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, நம்ம வீட்டு மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கு?” என்றாள். சிரித்தேன். அவள் சொன்னதுதான் விஷயமே என்று புரிய ஐந்து மாதம் ஆனது.

அந்தப் பரிசோதனையில் பார்ப்பது ஐஜிஜி (IgG), ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம். ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால், அதற்கான ஐஜிஜி ரத்தத்தில் இருப்பது இயல்பு. ‘இதைச் சாப்பிட்டிருக்கிறாய்’ என்று மட்டும்தான் அது காட்டும், ‘இது உனக்கு ஆகாது’ என்று அல்ல. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் அமைப்பு 2008-லேயே உணவு ஒவ்வாமைக்கு இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டது. கனடா அமைப்பு 2012-ல். உண்மையான அலர்ஜிக்குப் பார்ப்பது ஐஜிஇ (IgE), அது வேறு வகைப் புரதம். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் ‘இது நோய் கண்டறிவதற்கானது அல்ல’ என்று போட்டிருந்தார்கள். நான் முதல் பக்கத்து நிறங்களோடு நின்றுவிட்டேன்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், சிவப்பில் இருந்ததையெல்லாம் நிறுத்தியதும் இரண்டே வாரத்தில் உப்புசம் போய்விட்டது. அதனால்தான் நம்பினேன். அவர்கள் கொடுத்த குளூட்டன் (கோதுமைப் புரதம்) இல்லாத மாவு, பாதாம் பால் பொடி, ‘குடல் சுத்தி’ சூரணம் எல்லாம் வாங்கினேன், மாதம் 6,000 ரூபாய்க்கு. பருப்பில்லை, தயிரில்லை, முட்டையில்லை. ஏழு கிலோ இறங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கேட்டதற்கு, “நச்சு வெளியேறுது சார், பாப்பாவுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாமே” என்றார்கள். பாப்பாவுக்கு ஒன்பது வயது. அன்றைக்கே மனைவி என்னைக் குடல் மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

அவர் ரிப்போர்ட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “பேலியோவுல இருந்தப்ப காபி எப்படிக் குடிச்சீங்க?”

“கறுப்பா, டாக்டர்.”

“இப்ப?”

“பாதாம் பால்ல.”

“மத்த நாள்ல?”

மூன்று டம்ளர், கெட்டிப் பால். சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது.

கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். ஆனால் நான் ஐந்து மாதமாகக் கோதுமையைத் தொடவே இல்லை. அந்த நிலையில் ரத்தம் எடுத்தால் நோய் இருந்தாலும் ‘இல்லை’ என்று வரலாமாம். ஆறு வாரம் தினமும் சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். யாராவது சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தச் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

சப்பாத்தியால் ஒன்றும் ஆகவில்லை, ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. பிறகு பருப்பு, முட்டை, தயிர் என்று மூன்று நாளைக்கு ஒன்றாகச் சேர்த்து, நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் பால். இரண்டாம் நாள் மாலையே பெல்ட் இறுக்கியது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை எனக்குச் செரிப்பதில்லை, அவ்வளவுதான். உறை ஊற்றும்போது அதில் ஒரு பகுதியை பாக்டீரியா தின்றுவிடுவதால் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன. ஐந்து மாதம் மோர்க்குழம்பு இல்லாமல் இருந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பணத்தைக் கேட்டேன். மையத்தில் பேச்சு எடுபடவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகு, பிரிக்காத டப்பாக்களுக்கு மட்டும் 3,200 ரூபாய் வந்தது. டெஸ்ட் பணம் ‘சேவை வழங்கப்பட்டுவிட்டது’ என்று கைவிரித்துவிட்டார்கள். பிரித்த மாவுப் பாக்கெட் ஒன்று அலமாரியில் கிடந்தது. நேற்று பார்த்தால் வண்டு வைத்திருக்கிறது.