கிம்ப் 3.0: கோட்டுருவமும் பேட்டர்னும்

படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பில் செவ்வகம், வட்டம் வரையத் தனிக் கருவி இல்லை. ரெக்டாங்கிள் அல்லது எலிப்ஸ் செலக்டில் பகுதியைத் தேர்ந்து, எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் செலக்‌ஷன் கொடுத்து, தேர்வின் விளிம்பில் கோடு போட வேண்டும். கவனம்: கோடு தேர்வின் விளிம்புக்கு இருபுறமும் சமமாகப் பரவும். 10 பிக்சல் கோட்டில் 5 வெளியே போகும். தேர்வு படத்தின் ஓரத்தைத் தொட்டால் அந்தப் பாதி வெட்டுப்படும். ஆகவே அரைத்தடிமன் அளவு உள்ளே தள்ளித் தேருங்கள். கோட்டைப் புது லேயரில் (படத்தின் மேல் தனி அடுக்கில்) போடுவதே நல்லது, ஏனெனில் போட்ட பிறகு தடிமனை மாற்ற வழியில்லை.

ஒரு சிறு படத்தை ஓடுகள்போல் திரும்பத் திரும்ப அடுக்கி நிரப்பும் பேட்டர்ன் வசதி அருமை! எந்தப் பகுதியையும் காப்பி செய்தாலே அது பேட்டர்ன் பட்டியலில் முதலாவதாக வந்துவிடும். அதைத் தேர்ந்து, கன்ட்ரோலும் அரைப்புள்ளியும் அழுத்தினால் தேர்ந்த பகுதியை நிரப்பும். ஓடுகளுக்கிடையே இணைப்புக் கோடு தெரிந்தால், காப்பிக்கு முன் ஃபில்டர்ஸ் மெனுவில் மேப், அதில் டைல் சீம்லெஸ் கொடுங்கள். நிரப்பும்போது பேட்டர்னின் அளவை மாற்ற முடியாதது பெருங்குறை.