கார் ஏசி ஜில்லுனு வரலையா? என்னை மாதிரி 18,500 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துடாதீங்க

நேத்து சாயங்காலம்தான் உண்மை தெரிஞ்சுது. ராத்திரி பூரா தூக்கமில்ல.

மதுரையில சிக்னல்ல நின்னா என் கார் ஏசில வெறும் காத்துதான் வரும். நாலுவழிச் சாலையில 80ல போனா நல்லா ஜில்லுனு இருக்கும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு அடிக்கடி செக்கப். கத்திரி வெயில்ல அவங்களை வேக வைக்க முடியாதுன்னு ஒரு கார் ஏசி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

அம்மாவைப் பாத்ததும் அந்த ஓனர் ஃபேன் போட்டு உக்கார வெச்சார், மோர் வாங்கிட்டு வரச் சொன்னார். அங்கேயே நான் நம்பிட்டேன். அப்புறம் கேஸ் பிரஷர் அளக்குற கேஜை மாட்டி, அதிக பிரஷரைக் காட்டுற சிவப்பு மீட்டர்ல முள் மேல ஏறி நிக்கிறதைக் காட்டி, "கம்ப்ரஸர் போச்சு சார். இது எங்க அம்மா வண்டின்னு நெனச்சு செய்றேன்"ன்னார். கேஸை அமுக்குற அந்தக் கம்ப்ரஸர் 16,000, கேஸ் 2,500. மொத்தம் 18,500. பில் போட்டா ஜிஎஸ்டி ஏறும்னு சொன்னதுக்கும் தலையாட்டினேன்.

டிரையல் காட்ட ராத்திரி 9 மணிக்கு பைபாஸ்ல கூட்டிட்டுப் போனார். ஜில்லுனு வந்துச்சு. வராம என்ன, வண்டி ஓடுனா முன்னாடியும் வந்துச்சே! அது எனக்கு உறைக்கல.

மறுநாள் மதியம் சிக்னல்ல அதே வெறும் காத்து. போன் பண்ணேன். "புது கம்ப்ரஸர், செட் ஆக ரெண்டு நாள் ஆகும் சார்." ரெண்டு நாள் கழிச்சு, "வெயில் அப்படி, எந்த வண்டியிலதான் கூலிங் இருக்கு?" நேர்ல போனா ஓனர் வெளியூராம். பழைய கம்ப்ரஸரைக் கேட்டேன், ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சாம். கடைசியா, "பில் இருக்கா சார்?"ன்னு கேட்டாங்க. பில் வேணாம்னு சொல்ல வெச்சதே அவங்கதான்!

நேத்து வேற மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஏசியைப் போடச் சொன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகல. ஏசி கேஸோட சூட்டை வெளியேத்துற கன்டென்சர், அதோட ஃபேன் சுத்தவே இல்ல. மோட்டார் எரிஞ்சிருக்கு. வண்டி ஓடுறப்ப எதிர்க்காத்து கன்டென்சரைக் குளிர வைக்கும். நின்னா சூடு வெளியேற வழியில்லாம பிரஷர் எகிறும், கூலிங் போயிடும். என் வண்டியில ரேடியேட்டருக்குத் தனி ஃபேன், அதனால இன்ஜின் சூடாகல, எனக்கும் சந்தேகம் வரல. மோட்டார் மாத்த 2,800 ரூபாய். சிக்னல்லயும் இப்ப ஜில்லுனு வருது.

வயிறு எரியுறது இதுக்குத்தான்: கம்ப்ரஸர் அமுக்கலைன்னா சிவப்பு மீட்டர் முள் ஏறவே ஏறாதாம். ஏறி நின்ன முள்ளைக் காட்டி, நல்லா ஓடிட்டிருந்த கம்ப்ரஸரைக் கழட்டி எடுத்துக்கிட்டு, 18,500 ரூபாயையும் வாங்கிக்கிட்டாங்க. என் ஒரு மாச வீட்டு வாடகையும் மளிகையும் அது.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல. இதை மட்டும் பாத்துக்கங்க. நின்னா சூடு, ஓடுனா ஜில்லுன்னா முதல்ல ஏசியைப் போட்டு கன்டென்சர் ஃபேன் சுத்துதான்னு பாருங்க. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போறதில்ல; குறைஞ்சா எங்கயோ லீக், அதைக் கண்டுபிடிக்காம நிரப்ப விடாதீங்க. டிரையல் மதிய வெயில்ல, நின்ன வண்டியில பாருங்க. பழைய பார்ட்டை டிக்கில வாங்கிப் போட்டுக்கங்க. பில் இல்லாம ஒத்த ரூபா கொடுக்காதீங்க.

இப்ப மறுபடி போன் பண்ணேன். என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க.